சுளகில் காய்ந்த காந்தம்

காலை ஒன்பது நாற்பது. சின்னக்கானல் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்துக்கு ஏறும் சிமெண்டுப் படிகள் முடியும் இடத்தில் முதலில் என் கண்ணில் பட்டது அரிசி புடைக்கும் ஒரு சுளகு. முற்றத்தின் கருங்கல் கட்டின்மேல் வெயிலுக்கு நேராக வைத்திருந்தார்கள். ஒரு பக்கம் வற்றல் மிளகாய். மறுபக்கம் கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றுப் பெரிய ஆறு சதுரச் சில்லுகள், தேன் நிறத்தில். ஒவ்வொன்றின்மேலும் பாக்குவெட்டியில் நறுக்கிய ஒரு கொட்டைப்பாக்குத் துண்டு.

என் மனைவி பின்னால் வந்துகொண்டிருந்தாள். அவள் பார்ப்பதற்குள் சுளகை எடுத்து வீட்டுக்குள் வைத்துவிடலாமா என்று தோன்றியது. அதற்குள் அவள் மேலே வந்துவிட்டாள். பையைத் தரையில் வைத்தாள். சுளகைப் பார்த்தாள், சூரியனைப் பார்த்தாள், மறுபடி சுளகைப் பார்த்தாள்.

அவள் அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். ஞாயிற்றுக்கிழமை, கொழுந்து எடுக்கப் போகவேண்டாத நாள்.

"வந்துட்டியளா? வாங்க மாப்ள. நல்ல நேரத்துல வந்திய. மூணு நாளா ஒரே மஞ்சு மூட்டம். இன்னைக்குத்தான் வெயிலு மூஞ்சியக் காட்டிருக்கு."

"யம்மா, டப்பாவ எதுக்குத் தொறந்த?"

"நீதானட்டி சொன்ன? நீல மணி செவந்துட்டுன்னா ஈரம் ஏறிட்டுன்னு அர்த்தம்னு. தொறந்து பாத்தேன், செவந்துட்டு. மூடி உள்பக்கம் வேர்த்து வடியுது. பாத்துக்கிட்டு சும்மா இருக்கச் சொல்லுதியா?"

"மணிய என்ன செஞ்ச?"

"தோசக்கல்லுல வறுத்தேன். மறுபடி நீலமாயிட்டு. வந்து பாரு, கத்திரிப்பூ மாதிரி இருக்கு."

"இது?"

"அத வறுக்க முடியுமா? கண்ணாடில்லா? வெயில்ல வச்சேன். காத்து தூக்கிட்டுப் போயிரக் கூடாதுன்னு பாக்கு வச்சேன். நாலஞ்சு மொளகாப் பக்கம் சரிஞ்சிட்டு, முந்தானையால நல்லாத் தொடச்சு வச்சிருக்கேன். என்னத்துக்கு இப்பிடிப் பேயறஞ்ச மாதிரி நிக்க?"

"வெளிச்சம் படக்கூடாதும்மா."

"அத நீ சொல்லலையே."

"கறுப்புத் துணி சுத்தியிருந்துச்சுல்ல?"

"கண்ணேறு படாம இருக்கச் சுத்தியிருக்கன்னு நெனச்சேன்."

 இரண்டு வாரங்களுக்கு முன் இதே முற்றத்தில் அந்த டப்பாவை மனைவி அம்மாவிடம் ஒப்படைத்தபோது நான் பக்கத்தில் இருந்தேன். ஈரம் படக்கூடாது என்று பல தடவை சொன்னாள். சூடு படக்கூடாது, அடுப்புப் பக்கம் வைக்காதே என்றாள். வெளிச்சத்தைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. ஆறு வருடமாக இருட்டு அறையில் வேலை செய்கிறவளுக்கு அது சொல்லவேண்டிய விஷயமாகத் தோன்றவில்லை.

சின்னக்கானலில் வெயில் வந்தால் யாரும் வீட்டுக்குள் இருப்பதில்லை. லயத்தின் ஒரு கோடியில் யாராவது "வெயிலு!" என்று குரல் கொடுப்பார்கள். அடுத்த நிமிடம் ஒவ்வொரு வாசலிலும் கம்பளி, தலையணை, பள்ளிக்கூடப் பை, அரிசி, ரப்பர் பூட்ஸ் எல்லாம் வெளியே வந்துவிடும். அன்றும் அப்படித்தான் கிடந்தது. அந்த வரிசையில் எங்கள் சில்லுகளும் இருந்தன, அவ்வளவுதான்.

சில்லுகள் என்னவென்று சொல்லிவிடுகிறேன். கண்ணாடி போல் தெரியும் படிகத்தின்மேல், தலைமுடியின் தடிமனில் நூறில் ஒரு பங்குகூட இல்லாத ஒரு படலம். இரும்பு ஆக்சைடு, அதோடு வேறு இரண்டு மூன்று உலோகங்கள் கொஞ்சம் கொஞ்சம். அந்தப் படலம் ஒரு காந்தம். என் மனைவியின் ஆராய்ச்சி அதைப் பற்றியது: வெளிச்சம் பட்டால் அந்தக் காந்தம் மாறுகிறது என்பது அவள் கண்டது. ஒளி ஓர் அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பெயர்த்துப் பக்கத்து அணுவுக்குத் தள்ளுகிறது. அது அங்கே மாட்டிக்கொள்கிறது. காந்தம் எந்தப் பக்கம் திரும்பி நிற்க விரும்பும் என்பது அதனால் மாறிப்போகிறது. விளக்கை அணைத்த பிறகும் மாற்றம் வாரக்கணக்கில் நிற்கிறது. இருட்டில் வைத்து நன்றாகச் சூடாக்கினால்தான் அழிகிறது. அப்போதும் முழுக்கப் பழையபடி ஆகாது, ஒரு சிறு வித்தியாசம் மிஞ்சும்.

தனி வகை ஒளியில் நுண்ணோக்கியின் கீழ் வைத்தால் அந்தக் காந்தத்தை நேரிலேயே பார்க்கலாம். வெளுத்த கோடும் கறுத்த கோடுமாக மாறி மாறி வளைந்து போகும். வெளுத்த கோட்டில் காந்தம் மேலே பார்க்கிறது, கறுத்ததில் கீழே. முதல் தடவை பார்த்தபோது நான், "உங்க ஊருத் தேயிலைத் தோட்டத்த மேல இருந்து பாத்த மாதிரி இருக்குது" என்றேன். செடிகளுக்கு நடுவே ஆள் நடக்கும் கறுத்த தடம் போலத்தான் இருந்தது. அவள் ஒத்துக்கொள்ளவில்லை.

"தோட்டத்துத் தடம் எங்கயாவது ரோட்டுல போய் முடியும்ங்க. இது முடியாது."

கட்டுரை எழுதி ஓர் ஆய்விதழுக்கு அனுப்பினாள். மூன்று மதிப்பீட்டாளர்களில் இரண்டு பேர் ஒப்புக்கொண்டார்கள். மூன்றாமவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். விளக்கு வெளிச்சத்தோடு சூட்டையும்தானே தருகிறது? மாறியது ஒளியாலா, இளஞ்சூட்டாலா? இதற்குப் பதில் இல்லாமல் கட்டுரை இல்லை. கட்டுரை இல்லாமல் ஆய்வேட்டை வாங்கமாட்டார்கள். அவளுடைய ஆய்வுக்காலத்தை ஏற்கெனவே நீட்டிவிட்டார்கள். இனி நீட்டுவதற்கு இல்லை.

பதில் சொல்ல, வெளிச்சமும் சூடும் பார்க்காத சில்லுகள் வேண்டும். அப்படி ஆறு இருந்தன. படலம் படியவைக்கும் இயந்திரத்தின் லேசர் பழுதாகி, பாகம் வெளிநாட்டிலிருந்து வரவேண்டியிருந்ததால், புதிதாகச் செய்ய வழியில்லை. அந்த நேரம் பார்த்துப் பாலக்காட்டில் இருந்த அவளுடைய ஆய்வுக்கூடத்தில் குளிர்சாதனம் நின்றுபோனது. ஏப்ரல் மாதம். எருத்தேன்பதியில் எங்கள் வீட்டுச் சுவரில் மாலையில் கை வைத்தால் காய்ச்சிய பால் பாத்திரத்தைத் தொட்டது போல் இருக்கும்.

சில்லுகளை டிபன் டப்பா ஒன்றில் அடுக்கி, ஈரம் உறிஞ்சும் நீல மணிகளைத் துணியில் முடிந்து போட்டு, டப்பாவைக் கறுப்புத் துணியில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தாள். ஒவ்வொரு அறையாக எடுத்துக்கொண்டு நடந்தாள். பெருமாட்டியில் தோப்பைப் பார்த்துவிட்டு வந்த என் அண்ணன் அதைக் கவனித்தார்.

"ஏனுங்க அம்மிணி, காத்தால இருந்து அந்த டப்பாவத் தூக்கீட்டு ஊட்டச் சுத்தறீங்க? உள்ள பாம்பா?"

"குளுந்த எடமா வேணும்ங்க."

"ப்ரிட்ஜுல வெச்சுப்போடுங்க. பாலோட பாலா இருக்கட்டும்."

"ப்ரிட்ஜு கதவு ஓரம் முழுக்கக் காந்தம்ங்க. இது கெட்டுரும்."

அண்ணன் ப்ரிட்ஜைத் திரும்பிப் பார்த்தார். "இத்தன வருசமா நம்ம ஊட்டுக்குள்ளயே இருந்துட்டு, ஒரு வார்த்த சொல்லுலயே அது."

கிணற்று அறையில் வைத்தோம், பம்ப் செட் ஓடியது. அதுவும் காந்தம். கட்டிலுக்கு அடியில் வைத்தோம், சாயங்காலம் டப்பா வெதுவெதுப்பாக இருந்தது. மறுநாள் காலை அவள் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு காரில் ஏறிவிட்டாள். ஒரு குடும்பத்துக்கு வேகும் வீடு ஒன்றும் விறைக்கும் வீடு ஒன்றும் இருந்தால் இப்படித்தான் யோசிக்கத் தோன்றும். எனக்கும் அது சரியாகவே பட்டது. விறைக்கும் வீட்டில் சுவரே வேர்க்கும் என்பது அங்கே பிறந்தவளுக்குத் தெரியாததா? தெரியும். அதனால்தான் ஈரத்தைப் பற்றி அவ்வளவு பேசினாள்.

இரண்டு வாரத்தில் குளிர்சாதனம் சரியானது. எடுத்துப்போக வந்தபோதுதான் சுளகு.

அவள் பாக்குத் துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கட்டின்மேல் வைத்தாள். சில்லுகளை ஓரம் பிடித்து டப்பாவில் அடுக்கினாள். வறுத்த மணிகளையும் போட்டாள். எல்லாம் கெட்டுப்போன பிறகு எதற்கு இந்தப் பத்திரம் என்று நான் கேட்கவில்லை. பழக்கம்தான் கையை நடத்தியது என்று நினைக்கிறேன். அம்மா தோசை ஊற்றினார். அவள் நின்றுகொண்டே சாப்பிட்டாள்.

"உக்காந்து தின்னேன். தோச என்ன ஓடியா போவுது?"

"போணும்மா."

"வந்த காலோடயா? அந்தச் சில்லு அம்புட்டு வெலையா?"

"வெலை இல்லம்மா. வேற கிடையாது."

அம்மா அப்போதுதான் கொஞ்சம் பயந்தார். என்னிடம் தனியாக, "மாப்ள, நாஞ் செஞ்சது ரொம்பத் தப்போ?" என்றார். நான், "உங்ககிட்ட சொன்னதத்தானுங்க செஞ்சீங்க" என்றேன். உண்மை அது. ஆறுதலாக அது அவருக்குப் படவில்லை. படியிறங்கும்வரை எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மூணாறு, மறையூர் வழியாக இறங்கினோம். நான் ஓட்டினேன். அவள் கண்ணாடியை இறக்கினாள், ஏற்றினாள். டப்பாவை மடியில் வைத்தாள், பிறகு காலடியில் வைத்தாள், பிறகு பின் சீட்டில்.  மறையூர் தாண்டியதும், "இனி எங்கயாவது ஸ்கூல் வேலைய வேணா பாக்கலாம்" என்றாள். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். "ஒண்ணும் சொல்லாதீங்க" என்றாள்.

சின்னாறு சோதனைச் சாவடியில் வண்டியை நிறுத்தினார்கள். காவலர் ஒருவர் குனிந்து உள்ளே பார்த்தார். பின் சீட்டில் கறுப்புத் துணி சுற்றிய டப்பா மட்டும்.

"எந்தா சேச்சி அதில்? மந்திரவாதமா?"

"காலேஜு சாமான்."

"ஒண்ணு துறந்நு காணிக்கு."

என் மனைவி முன்பக்கத்தைப் பார்த்தபடியே, "தொறந்து காட்டுங்க. இனி என்ன" என்று என்னிடம் சொன்னாள். நான் இறங்கிப் பின்கதவைத் திறந்து முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்தேன். காவலர் காத்திருந்தார். வெயில் நன்றாக அடித்தது. அவர் கைக்கடிகாரத்தை முன்னுக்குத் தள்ளி, வேர்த்த மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டார். கடிகாரம் இருந்த இடம் பட்டையாக வெளுத்திருந்தது. சுற்றிலும் கறுப்பு.

"நிறுத்துங்க!"

அவள் வண்டியைச் சுற்றி ஓடிவந்து என் கையைப் பிடித்தாள். முடிச்சை மறுபடி இறுக்கினாள். நான் அவளைப் பார்த்தேன். காவலருக்கு இப்போதுதான் உண்மையிலேயே சந்தேகம் வந்தது.

"எந்தா, இப்போ துறக்கான் பாடில்லே?"

"சேட்டா, வெளிச்சம் படக்கூடாது. கைய மட்டும் உள்ள விட்டுத் தொட்டுப் பாருங்க. துணிக்கு அடியில."

அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார், நான் என்ன சொல்வேன் என்பது போல. பிறகு துணிக்குள் கையை விட்டு, மூடியை நகர்த்தி, கண்ணை மேலே உயர்த்திக்கொண்டு தடவினார். நாடி பார்ப்பது போல் இருந்தது.

"கண்ணாடி ஆணு" என்றார். "பின்னே எந்தோ உருண்டை. மணி." கையை எடுத்து விரலை முகர்ந்து பார்த்தார். "முளகு மணம். செரி, பொய்க்கோ" என்று கையசைத்து வழிவிட்டார்.

வண்டி கிளம்பியதும் அவள் சொன்னாள். பாக்கு இருந்த இடத்தில் வெயில் பட்டிருக்காது. அந்த இடம் மட்டும் இருட்டு. ஒரே சில்லு, ஒரே காற்று. நகம் அகலச் சில்லில் ஒரு ஓரம் சூடாகவும் மறு ஓரம் குளிராகவும் இருக்க முடியாது, சூடு நொடியில் பரவிவிடும். வெளிச்சம் அப்படிப் பரவாது. ஆகவே மாறியது சூட்டால் என்றால் சில்லு முழுக்க ஒரே மாதிரி இருக்கும். ஒளியால் என்றால் பாக்கின் ஓரம் தெரியும்.

"இத ஏன் முன்னாடியே செஞ்சு பாக்கல?" என்று கேட்டேன்.

"எங்க மெஷின் ஒரு சில்லுக்கு ஒரு எண்தாங்க குடுக்கும். ஒரே சில்லுல ரெண்டு எடம்னு நா யோசிக்கவே இல்ல." கொஞ்ச நேரம் கழித்து, "வேகமாப் போங்க" என்றாள். அடுத்த வளைவில், "மெதுவாப் போங்க, டப்பா ஆடுது" என்றாள்.

மறுநாள் திங்கட்கிழமை. ஆய்வுக்கூடத்தின் நுண்ணோக்கி அறையில் எனக்கும் ஒரு நாற்காலி கிடைத்தது. படலத்தை மாற்றாத மங்கலான சிவப்பு விளக்கு மட்டும். அவள் ஒவ்வொரு சில்லாக வைத்தாள். முதலாவதில் கீறல், கோடுகள் கீறலோடு சிக்கிக் குலைந்திருந்தன. அம்மாவின் முந்தானை. இரண்டாவது, மூன்றாவது, நான்காவது அதேபோல். ஐந்தாவதில் பாக்கு நகர்ந்து நகர்ந்து எதுவும் தெளிவாக இல்லை. ஆறாவது சுளகின் உயர்ந்த விளிம்பை ஒட்டி, காற்றுப்படாத மூலையில் இருந்தது. அதைத் துடைக்க வேண்டிவரவில்லை.

திரையில் கோடுகள் தெரிந்தன. அவள் சில்லை மெல்ல நகர்த்தினாள். மெலிந்த கோடுகள், மெலிந்த கோடுகள், பிறகு திடீரென்று தடித்தவை. எல்லை வளைந்து போயிற்று. அவள் உருப்பெருக்கத்தைக் குறைத்தாள். பிறை வடிவம். பாக்குத் துண்டின் வளைவு அப்படியே. ஒரு பக்கம் ஓரம் கூர்மையாக இருந்தது. மறுபக்கம் சற்றுக் கலங்கியிருந்தது.

"சூரியன் நகந்த பக்கம்" என்றாள். படம் எடுத்தாள். எழுந்து நின்றாள். அறையில் நடக்க இடமில்லை. இருந்தும் நடந்தாள்.

அவளுடைய ஆய்வு வழிகாட்டி கல்பாத்திக்காரர். வந்து பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"இது வெளிச்சமாக்கும்" என்றார். "சந்தேகமே வேண்டாம். இன்னிக்கே எழுதி அனுப்பிச்சுடு. இந்த வாரம் முடிஞ்சா ஜர்னல்காரா கதவைச் சாத்திடுவா."

"சார், பாக்கு."

"பாக்குக்கு என்ன?"

"துவர்ப்பு. பாக்குச் சாறு இரும்போட சேந்தா கறுக்கும். எங்க ஊருல தேயிலக் கத்தி கறுக்குறது அதான். ஈரமான சில்லு மேல ரெண்டு மணி நேரம் பாக்கு இருந்திருக்கு. இது நிழலா, கறையான்னு எனக்குத் தெரியல."

"கறைக்கு நிழல் விழுமோ? அந்தக் கலங்கின ஓரத்தைப் பாரு. சூரியன் நகர்ந்தது தெரியறதே."

"சாறு வழிஞ்சாலும் அப்படி இருக்கும் சார்."

அவர் சற்று யோசித்தார். எப்படித் தெரிந்துகொள்வாய் என்று கேட்டார். அவள் சொன்னது எளிமையாக இருந்தது. சில்லை இருட்டில் சூடாக்க வேண்டும். ஒளி செய்த மாற்றம் என்றால் அழியும். கறை என்றால் அழியாது.

"அழிஞ்சுட்டா கையில என்ன இருக்கும்?" என்றார் அவர்.

"ஒண்ணும் இருக்காது."

"முதல்ல படத்தை அனுப்பு. அப்பறம் எதை வேணும்னாலும் சூடாக்கிக்கோ."

அவர் போன பிறகு நானும் அதையேதான் சொன்னேன். நான் இருபது வருடமாகப் பத்திரிகையில் எல்லைப் பக்கத்துச் செய்திகளைத் திருத்துகிறவன். இரண்டு பேரிடம் கேட்காமல் ஒரு மாடு காணாமல் போனதைக்கூடப் போடமாட்டேன் என்று அலுவலகத்தில் என்னைக் கிண்டல் செய்வார்கள். அன்று அந்தப் பிறையைப் பார்த்தபின் எனக்கு இரண்டாவது ஆள் தேவைப்படவில்லை.

"படந்தான் இருக்குதே. அனுப்பிப்போடு. தப்புன்னா அப்பறம் திருத்தம் சொல்லிக்கலாம். நாங்க மறுநாள் போடறதில்லயா?"

"உங்க திருத்தத்த யாருங்க படிக்கிறா?"

 திருத்தங்களை ஏழாம் பக்கத்தின் கீழ் மூலையில், ஏலக்காய் விலைக்கு அடியில் போடுகிறோம்.

மின்சூளை என்பது நம் வீட்டு மைக்ரோவேவ் அளவுக்கு ஒரு பெட்டி. அவள் சில்லை இடுக்கியால் எடுத்து, பீங்கான் கிண்ணத்தில் வைத்து, உள்ளே தள்ளினாள். கதவை மூடும்முன் ஒருமுறை நின்றாள். நான் எழுந்தேன். அவள் தலையை அசைத்தாள், உட்காருங்கள் என்பது போல. மூடிவிட்டாள்.

சூடேறி, அப்படியே நின்று, ஆறவேண்டும். அதை அவசரப்படுத்த முடியாது, சடக்கென்று ஆறினால் படிகம் வெடிக்கும். அன்று மாலை வீட்டுக்கு வந்தோம். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று முழு வேகத்தில் வீசிக்கொண்டிருந்தது. எங்கள் வீட்டுக் கதவுகள் ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டன. அவள் ஒவ்வொன்றாகப் போய்த் தாழ் போட்டாள். போட்ட கதவையே மறுபடி போய்ப் பார்த்தாள்.

அண்ணன் மோர் குடித்துக்கொண்டிருந்தார். "அந்தச் சில்லு காஞ்சுதுங்களா அம்மிணி?"

"காஞ்சது. இப்ப வேகுதுங்க."

"காய வெச்சதயே வேக வெக்கிறதா? எங்க நெல்லுக்குத் தலைகீழா இருக்குதே உங்க படிப்பு. நாங்க வேக வெச்சுத்தான் காய வெப்போம்."

அவள் சிரித்துவிட்டாள். அந்த மூன்று நாட்களில் அந்த ஒரு தடவைதான்.

சின்னக்கானலிலிருந்து போன் வந்தது. அம்மா நேராக விஷயத்துக்கு வரவில்லை. மறுபடி மஞ்சு இறங்கிவிட்டது, மிளகாய் அரைகுறையாகத்தான் காய்ந்தது என்றார். பிறகு, "அந்தப் பாக்கெல்லாம் கட்டு மேலயே கெடந்துச்சு. நீ கேப்பியோன்னு எடுத்து வச்சிருக்கேன். வேணுமாட்டி?" என்றார்.

இவள் சட்டென்று நிமிர்ந்தாள். "ஆறும் இருக்கா?"

"ஒண்ணு வாயில போட்டுட்டேன். அஞ்சு இருக்கு."

"எதப் போட்ட?"

"பாக்குல எது என்னன்னு பேரா எழுதியிருக்கு? போவியா."

செவ்வாய்க்கிழமை காலை சில்லு ஆறியிருந்தது. சிவப்பு விளக்கில் அவள் அதை நுண்ணோக்கிக்கு அடியில் வைத்தாள். நான் திரையைப் பார்க்காமல் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் ஒன்றும் தெரியாததால் திரையைப் பார்த்தேன். ஓரத்திலிருந்து ஓரம்வரை ஒரே தடிமனில் கோடுகள் வளைந்து கிடந்தன. அவள் சில்லை நான்கு பக்கமும் நகர்த்தினாள். திருப்பி வைத்துப் பார்த்தாள். உருப்பெருக்கத்தை மாற்றிப் பார்த்தாள். பிறை எங்கும் இல்லை.

கறை இல்லை, நிழல்தான். கையில் இப்போது ஒன்றும் இல்லை.

அவள் உட்காரக்கூட இல்லை. அலுமினியத் தாளைக் கத்தியால் நேராக வெட்டி, சில்லின் சரிபாதியை மூடினாள். சில்லைச் சூட்டை இழுத்துக்கொள்ளும் ஒரு குளிர்தட்டின்மேல் ஒட்டினாள். இரண்டு பாதியிலும் ஊசி முனையளவு வெப்பமானி ஒவ்வொன்று வைத்தாள். விளக்கைப் போட்டாள். ஒப்பிட இனி வெளிச்சம் பார்க்காத வேறு சில்லு தேவையில்லை. மூடிய பாதியே மூடாத பாதிக்குச் சாட்சி. வழிகாட்டி எட்டிப் பார்த்து, "நேரம் இருக்கோ?" என்று மட்டும் கேட்டார். இருக்கிறது என்றாள். உண்மையில் கெடு முடிய மிகக் கொஞ்சமே இருந்தது. வியாழக்கிழமைவரை அவள் அந்த அறையைவிட்டு அதிகம் வெளியே வரவில்லை. நான் அலுவலகத்திலிருந்து அடிக்கடி போன் செய்தேன். அவள் எடுக்கவில்லை. எடுத்த ஒரு தடவை, "இன்னும் எரியுது" என்று வைத்துவிட்டாள்.

வியாழன் மாலை என்னை வரச்சொன்னாள். திரையில் நேர்கோடு ஒன்று, அளவுகோல் வைத்துப் போட்டது போல. வெளிச்சம் பட்ட பக்கம் மெலிந்த கோடுகள், மூடிய பக்கம் தடித்தவை. இரண்டு வெப்பமானிகளும் தொடக்கம் முதல் ஒன்றுக்கொன்று சமமாகவே காட்டியிருந்தன.

"அப்புறம் என்ன?" என்றேன். "அனுப்பிப்போடு."

அவள் மூடிய பாதியை விளக்குப் போடுமுன்பு பிடித்த படத்தை எடுத்து, புதிய படத்தின் பக்கத்தில் வைத்தாள். வெளிச்சமே படாத பாதி. என் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். அவள் அளந்து காட்டினாள். அங்கேயும் கோடுகள் கொஞ்சம் மெலிந்திருந்தன. குளிர்தட்டு இருந்தும் விளக்கில் சில்லு லேசாக வெதுவெதுப்பாகியிருந்தது. அதுவும் இரண்டு பாதியும் ஒரே அளவு; அப்படியானால் மூடிய பாதியில் மெலிந்தது சூட்டால்தான்.

கட்டுரையில் ஒளியின் பங்காக முதலில் எழுதியிருந்த அளவை அவள் அன்றே குறைத்துத் திருத்தி, தலைப்பில் ஒரு சொல்லை மாற்றி, மூன்றாம் மதிப்பீட்டாளருக்கு மறுமொழி எழுதினாள். நேர்கோட்டின் படத்தைச் சேர்த்தாள். பிறையின் படத்தைச் சேர்க்கவில்லை. வெள்ளிக்கிழமை மதியம் அனுப்பினாள்.

அவள் அளந்த மாற்றத்தில் பாதிக்குச் சற்று மேல் ஒளி. மிச்சம் சூடு.